டிரிஸ்கெல்லா, டெபியனா?

முழுக்கக் கட்டற்ற லினக்ஸ் வேணும்னா டெபியன் போதுமேன்னு வகுப்புல சிலர் சொல்றாங்க. எனக்கு உடன்பாடில்லை. 2022-ல் நடந்த வாக்கெடுப்புக்குப் பிறகு, 2023-ல் வெளிவந்த டெபியன் 12 முதல் மூலநிரல் தராத ஃபர்ம்வேரும் நிறுவியோடயே சேர்ந்து வருது. நடைமுறைக்கு நல்லதுதான், வைஃபை உடனே எடுக்கும். ஆனா வவுச்சர் இல்லாத செலவை ஆடிட்டர் ஏத்துக்குவாரா? (பி.காம். புத்தி, மன்னிக்கவும்!)

டிரிஸ்கெல்ல இருக்குறது லினக்ஸ்-லிப்ரே கெர்னல். மூடின சரக்கே கிடையாது. அதனாலேயே பல மடிக்கணினிகள்ல வைஃபை எடுக்காது. ஏஆர்9271 சிப் போட்ட யூஎஸ்பி அடாப்டர் ஒண்ணு வாங்கிட்டா தீர்ந்தது. அதோட ஃபர்ம்வேர் மூலநிரல் 2013-லேயே வந்தாச்சு. கணக்கு எழுத க்னூகேஷ் இருக்கு, டேலி மாதிரி ஜிஎஸ்டி வசதியெல்லாம் எதிர்பார்க்காதீங்க. ஹார்ட் டிஸ்க்ல கை வைக்கிறதுக்கு முன்னாடி லைவ் யூஎஸ்பியில ஓட்டிப் பாருங்க மக்களே.