புலி இல்லாத காட்டுக்கும் காவல் வேண்டும்

2025 ஜூலையில் செஞ்சிக் கோட்டை யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலில் ஏறியது. மராட்டியரின் படைத்தளங்களாக அதில் இடம்பெற்ற 12 கோட்டைகளில் தமிழ்நாட்டிலிருப்பது இது ஒன்றே. மதிலுக்கு மரியாதை கிடைத்ததில் மகிழ்ச்சிதான். ஆனால், அவலூர்பேட்டை, செஞ்சி வட்டாரக் குன்றுகளிலும் பக்கமலைக் காப்புக்காட்டிலும் எஞ்சி நிற்கும் பசுமையைப் பற்றி யார் பேசுகிறார்கள்?

காடென்றால் முதுமலை, ஆனைமலை என்றே பழகிவிட்டோம். யானையும் புலியும் இல்லாத இடத்தைக் கரடு, புதர் என்று தள்ளிவிடுகிறோம். சோழமண்டலக் கரையோரச் சமவெளிக்கும் அதையொட்டிய செஞ்சி போன்ற குன்றுகளுக்கும் உரிய இயற்கைக் காடோ வேறு வகை. வீரை, காசா, உலக்கைப்பாலை போன்ற மரங்கள் நெடுநெடுவென்று வளர்வதில்லை. தடித்த சிறு இலைகளை வைத்துக்கொண்டு, மழையில்லாத மாதங்களிலும் பச்சையாகவே நிற்கும். உலர் பசுமைமாறாக் காடு என்பது இதுதான். கோயில் காடுகளிலும் காப்புக்காடுகளிலும் துண்டுதுண்டாக மட்டுமே இன்று மிஞ்சியிருக்கிறது.

சென்னையின் கிண்டியில் இருப்பதும் இதே இனக் காடுதான். ஏறத்தாழ 2.7 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள அது 1978இல் தேசியப் பூங்காவானது. வெளிமானும் புள்ளிமானும் மாநகரின் நடுவே பிழைத்திருப்பது அந்தச் சட்டக் காவலால்தான். ஆகவே, பரப்பு சிறிது என்ற சாக்கு செஞ்சிக்குச் செல்லாது.

இந்தக் காட்டால் உழவருக்கும் பயனுண்டு. பாறை இடுக்கில் முட்டையிடும் கொம்பன் ஆந்தை இரவெல்லாம் எலி பிடிக்கும். கல்குவாரிக்காகக் குன்றை உடைத்தால் ஆந்தைக்கு இடமில்லை. மல்லாட்டைக் கொல்லையில் எலிக்குக் கொண்டாட்டம். மழைநீரைப் பிடித்து மெல்ல ஏரிக்கு விடுவதும் புதர் மூடிய சரிவுதான். மொட்டைப் பாறையில் பெய்யும் மழை மண்ணையும் அரித்துக்கொண்டல்லவா ஓடும்?

மதுரை மாவட்டம் அரிட்டாபட்டியும் பாறைக் குன்றுகளின் ஊரே. 2022இல் அது பல்லுயிர் மரபுத் தலமானது. அப்பகுதியைச் சேர்த்து டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விடப்பட்டபோது ஊர்மக்கள் திரண்டெழுந்தனர். 2025 ஜனவரியில் ஏலம் ரத்தானது. தலத்துக்கு அரசாணை இருந்தது, அதைக் கேட்டு நிற்க ஊரும் இருந்தது. செஞ்சிக் குன்றுகளுக்கும் இவ்விரண்டும் வேண்டும். செஞ்சி இருக்கும் விழுப்புரம் மாவட்டத்துக்கு இத்தகைய அறிவிப்பு புதிதுமல்ல: கழுவேலி 2021இல் பறவைகள் சரணாலயமானது. அடுத்த கிராமசபையிலேயே செஞ்சி வட்டார ஊராட்சிகள் இக்குன்றுகளைப் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவிக்கக் கோரித் தீர்மானம் போடலாம். அரசு பதில் சொல்லும்வரை குன்றடிவாரங்களில் புதிய கல்குவாரிக்கு அனுமதி தரக்கூடாது.