பம்பைக் கழற்றும் முன் டேங்கைப் பார்!



ஆடியில் ஒரு மழை பெய்தால் மானாவாரி நிலத்தில் விதைப்பு ஈரம் நிற்பது மூன்று நாள், மிஞ்சினால் நாலு நாள். அந்த நேரம் பார்த்து டிராக்டர் நின்றுபோனால் பட்டமே போச்சு. அதியமான்கோட்டை சுற்றுவட்டாரத்தில் இரண்டு ஏக்கர், மூன்று ஏக்கரில் கடலையும் கேழ்வரகும் போடுகிற நம்மில் பலர் கடன் வாங்கித்தான் 15, 18 குதிரைத்திறன் கொண்ட சின்ன டிராக்டரை வாங்கியிருக்கிறோம். வண்டி நின்றாலும் தவணை நிற்பதில்லை.

நின்ற வண்டிக்கு நமக்குக் கிடைக்கிற பதில் என்ன? "பம்பு போச்சு", "நாசில் போச்சு", "கழற்றி டவுனுக்கு அனுப்பணும்". போகும் பம்பு திரும்பி வருவதற்குள் ஈரம் காய்ந்துவிடும். பல நேரம் பம்பில் ஒரு கோளாறும் இருக்காது. டீசலில் தூசி, தண்ணீர், லைனில் காற்று, இந்த மூன்றில் ஒன்றுதான் காரணமாக இருக்கும். அதைக் கண்டுபிடிக்க இரண்டு ஸ்பேனரும் அரை மணி நேரமும் போதும்.

எங்கள் கருத்து இதுதான்: விதை பார்த்து எடுக்கத் தெரிவது மாதிரி டீசல் லைன் பார்க்கத் தெரிவதும் உழவனுக்கு வேண்டிய அறிவு. அதைச் சொல்லிக் கொடுப்பது வண்டி விற்றவர் கடமை, அரசாங்கத்தின் கடமை.

இது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. கிணற்று மோட்டார் ஓடியும் தண்ணீர் வரவில்லை என்றால் உடனே மோட்டாரையா பிரிக்கிறோம்? ஃபுட் வால்வில் குப்பை அடைத்திருக்கா, பைப்பில் காற்று இழுக்குதா என்றுதானே பார்க்கிறோம்? டிராக்டருக்கும் அதே கணக்குதான். டேங்கில் ஆரம்பித்து டேப், ஃபில்டர், பம்பு, நாசில் என்று வரிசையாகப் போக வேண்டும். கடைசியில் பார்க்க வேண்டியதை முதலில் கழற்றுவதால்தான் காசு போகிறது.

ஸ்டார்ட்டர் சுற்றுகிறது, இன்ஜின் பிடிக்கவில்லை, சைலன்சரில் துளி புகைகூட இல்லை என்றால் நாசிலுக்கு டீசல் போகவில்லை. டேப் திறந்திருக்கா, இன்ஜினை நிறுத்த இழுக்கும் கம்பி முழுசாக உள்ளே போயிருக்கா என்று பாருங்கள். அடுத்து ஃபில்டர்.

நன்றாக ஓடி, கொஞ்ச நேரத்தில் நின்று, ஆறப்போட்டால் மறுபடி ஓடுகிறதா? டேங்க் மூடியில் உள்ள காற்று ஓட்டை மண் அடைத்திருக்கலாம். மூடியைத் தளர்த்திவிட்டு ஓட்டிப் பாருங்கள், தெரிந்துவிடும்.

சத்தம் ஏறி ஏறி இறங்கினால் லைனில் காற்று. ஃபில்டர் மேலே உள்ள காற்றுத் திருகைத் தளர்த்தி, கை பம்பை அடித்து, குமிழி நின்று சுத்த டீசல் வந்ததும் இறுக்க வேண்டும். பிறகு பம்பில் உள்ள திருகிலும் அதே மாதிரி. கை பம்பு இல்லாத வண்டியில் டேங்க் மேலே இருந்தால் டீசல் தானாக இறங்கிக் காற்றைத் தள்ளும். பழைய செம்பு வாசரையே திரும்பப் போட்டால் காற்று மறுபடியும் புகும். சின்ன வாசரில் மிச்சம் பிடிக்கப் போய் ஒரு நாள் உழவை இழக்கக் கூடாது.

கலப்பையை இறக்கினால் இழுவை குறைந்து கரும்புகை கக்குகிறதா? முதலில் காற்று ஃபில்டரைப் பாருங்கள், பிறகுதான் நாசில். புகையில்லாமல் இழுவை மட்டும் குறைந்தால் டீசல் ஃபில்டர். நீலப்புகை வந்தால் எரிவது இன்ஜின் ஆயில், டீசல் லைனைத் தொட வேண்டியதில்லை.

ஒரு எச்சரிக்கை. பம்பின் உள்பாகத்தை நாம் பிரிக்கக் கூடாது. அது டெஸ்டிங் மேடையில் செய்கிற வேலை. நாசில் பீய்ச்சும் இடத்தில் கை வைக்கவே கூடாது. அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். குண்டூசி குத்தின மாதிரிதான் தெரியும், ஆனால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போகாவிட்டால் விரலே போகலாம்.

வண்டிக்குள் குப்பை போகாமல் காப்பது அடுத்த வேலை. கேனில் வாங்கின டீசலைத் தெளியவிட்டு, மெல்லிய துணியில் வடித்து ஊற்றுங்கள். கண்ணாடி பாட்டிலில் பிடித்து ஒரு ராத்திரி வைத்தால் தண்ணீர் அடியில் நிற்கும். வேலை முடிந்த மாலையிலேயே டேங்கை நிரப்பினால் மார்கழிப் பனியில் உள்ளே நீர் கோர்க்காது. மலிவு என்று மண்ணெண்ணெய் கலக்காதீர்கள். டீசலின் வழவழப்புதான் பம்பைக் காக்கிறது, மண்ணெண்ணெய் அதைத் தேய்த்துவிடும்.

பங்க்கில் கேட்கவும் நமக்கு உரிமை உண்டு. முத்திரையிட்ட 5 லிட்டர் ஜாடியில் அளந்து காட்டச் சொல்லலாம். 25 மில்லிக்கு மேல் குறையக் கூடாது. அன்றைய அடர்த்தியை எழுதி வைத்திருக்க வேண்டும். சோதித்ததில் கன மீட்டருக்கு 3 கிலோவுக்கு மேல் வித்தியாசம் வந்தால் கலப்படச் சந்தேகம்தான். 2014 அக்டோபரில் டீசல் விலையை எண்ணெய் கம்பெனிகள் கையில் விட்டது மத்திய அரசு. அவர்கள் சொல்கிற விலையை முழுசாகக் கொடுக்கிற நாம் அளவும் தரமும் கேட்பதில் என்ன தப்பு?

"வெளியில் கை வைத்தால் வாரன்டி போய்விடும்" என்று மிரட்டுகிறார்கள். பழுது பார்க்கும் உரிமை பற்றி ஆராய மத்திய நுகர்வோர் துறை 2022 ஜூலையில் ஒரு குழு போட்டது. அதில் விவசாயக் கருவிகளும் சேர்ந்தன. அதே ஆண்டு டிசம்பரில் இணையதளமும் திறந்தார்கள். இணையதளம் ஏர் ஓட்டாது, சட்டம் வேண்டும். அமெரிக்காவில் கொலராடோ மாநில விவசாயிகளுக்கு 2023-ல் அப்படி ஒரு சட்டம் கிடைத்து, 2024 ஜனவரி முதல் அமலில் இருக்கிறது. அங்கே கம்பெனிகள் பூட்டுப் போட்டது கம்ப்யூட்டரில். இங்கேயும் 50 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட டிராக்டர்களுக்கு 2023 ஜனவரியில் புதிய புகை விதி வந்தது. பெரிய வண்டியில் கம்ப்யூட்டர் வந்துவிட்டது. நாளைக்குச் சின்ன வண்டிக்கும் வராது என்று யார் சொல்ல முடியும்? ஸ்பேனரால் திறக்க முடிகிற இன்றைக்கே உரிமையைக் கேட்டு வாங்க வேண்டும்.

"மெக்கானிக் பிழைப்பு என்னாவது?" என்று கேட்கிற தோழர்களும் உண்டு. நல்ல மெக்கானிக்குக்கு வேலை குறையாது. காற்று எடுக்கிற வேலைக்குப் பம்பைக் கழற்றிப் பில் போடுகிறவர்களுக்குத்தான் குறையும்.

நம் கோரிக்கைகள்:

1. ஆடிப் பட்டத்துக்கு முன்பே வேளாண் பொறியியல் துறை ஊராட்சி தோறும் டிராக்டர் பராமரிப்புப் பயிற்சி நடத்த வேண்டும்.
2. ஒவ்வொரு வண்டியோடும் படம் போட்ட தமிழ்க் கையேடும் உதிரிபாக விலைப்பட்டியலும் தர வேண்டும்.
3. ஃபில்டர் மாற்றியதற்கும் காற்று எடுத்ததற்கும் வாரன்டியை மறுக்கக் கூடாது.
4. விதைப்புக் காலத்தில் 48 மணி நேரத்தில் வாரன்டி வண்டியைச் சரிசெய்ய வேண்டும், இல்லையென்றால் மாற்று வண்டி தர வேண்டும்.
5. பங்க்குகளில் விவசாயிகள் முன்னிலையில் அளவும் தரமும் சோதிக்க வேண்டும்.

உங்களிடம் உள்ள ரிப்பேர் பில்லைத் தூக்கிப் போடாதீர்கள். மாவட்ட ஆட்சியர் நடத்தும் மாதாந்திர விவசாயிகள் குறைதீர் கூட்டத்துக்கு எடுத்து வாருங்கள். ஒருவர் கேட்டால் மனு, ஊரே பில்லோடு நின்றால் கணக்கு. அந்தக் கணக்குக்குப் பதில் சொல்லாமல் யாரும் எழுந்து போக முடியாது.

1970-களில் மின்கட்டண உயர்வை எதிர்த்து மாட்டுவண்டியோடு தெருவில் இறங்கினவர்கள் நம் முன்னோர். 1990-ல் எல்லா விவசாயிகளுக்கும் இலவச மின்சாரம் வந்தது யாரும் இரக்கப்பட்டுக் கொடுத்ததல்ல.

கற்றுக்கொள்வோம்! கணக்குக் கேட்போம்!
பழுது பார்ப்பது உழவன் உரிமை! ஒன்றுபட்டு வெல்வோம்!