பாபிக்கு மறுபிறவி

1973ல் ராஜ்கபூரின் 'பாபி' வெளியானபோது அதில் ரிஷி கபூரும் டிம்பிள் கபாடியாவும் ஒரு குட்டி மோட்டார் சைக்கிளில் பறந்தார்கள். எஸ்கார்ட்ஸ் நிறுவனம் தயாரித்த அந்த வண்டிக்கு ராஜ்தூத் ஜி.டி.எஸ். 175 என்று பெயர். ஜனங்கள் அந்தப் பெயரைச் சட்டை செய்யவில்லை. 'பாபி' என்றே கூப்பிட்டார்கள். சின்னச் சக்கரங்களோடு பொம்மை மாதிரி தெரிந்தாலும், உள்ளே இருந்தது பால்காரர்களின் கேன்களைச் சுமந்த அதே ராஜ்தூத் இன்ஜின். அரை நூற்றாண்டு கழித்து பாபிக்கு மீண்டும் மவுசு. மாட்டுக் கொட்டகைகளிலும் காயலான் கடைகளிலும் இளைஞர்கள் அதைத் தேடி அலைகிறார்கள். கையில் காசு குறைவு, ஆசை அதிகம் என்பதுதான் பலரது நிலைமை.

மினிபைக் என்ற சமாச்சாரமே விளையாட்டாகத் தொடங்கியது. 1961ல் டோக்கியோ அருகே டாமா டெக் என்ற கேளிக்கைப் பூங்காவில் சிறுவர்கள் ஓட்டுவதற்காக ஹோண்டா ஒரு குள்ள வண்டியைச் செய்தது. அதில் குந்தியிருப்பவர் குரங்கு போலத் தெரிந்ததால் 'மங்கி' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. மேலை நாடுகளில் மினிபைக் பெரும்பாலும் கொல்லைப்புறத்தில் ஓட்டும் பொம்மை. இங்கே கதை வேறு. செலவழித்துச் சீர்படுத்திய வண்டி சந்தைக்கும் வேலைக்கும் போய்வர வேண்டும். பஸ்ஸுக்கும் லாரிக்கும் நடுவே ஓட வேண்டும். போலீஸ்காரர் கை காட்டினால் காகிதத்தை நீட்ட வேண்டும்.

கர்நாடகத்தின் பட்டு ஊரான கொள்ளேகாலில் இருப்பவருக்கு இந்த முயற்சியில் இரண்டு சௌகரியங்கள் உண்டு. ஒரு பக்கம், சுமார் 60 கிலோமீட்டரில் மைசூர். அங்கேதான் ஐடியல் ஜாவா தொழிற்சாலை 1961ல் தொடங்கி முதலில் ஜாவாவையும் பிறகு யெஸ்டியையும் தயாரித்து, 1996ல் கதவை மூடியது. தொழிற்சாலை போனாலும் தொழில் தெரிந்த கைகள் ஊரை விட்டுப் போய்விடவில்லை. டூ ஸ்ட்ரோக் இன்ஜின் இருமும் சத்தத்தை வைத்தே நோயைச் சொல்லும் மெக்கானிக்கைத் தேட அந்த ஊரைவிடப் பொருத்தமான இடம் குறைவு. இன்னொரு பக்கம், சாம்ராஜ்நகர், திம்பம், சத்தியமங்கலம் வழியாகக் கோவை. லேத் பட்டறைகளுக்கும் வார்ப்படச் சாலைகளுக்கும் பேர் போன ஊர். பழைய உறவும் இருக்கிறது. 1956 நவம்பர் 1ந் தேதி மாநிலங்கள் பிரிக்கப்படும் வரை கொள்ளேகால், கோவை மாவட்டத்தின் ஒரு தாலுகாவாகத்தான் இருந்தது.

ஆனால் இந்த அனுகூலங்கள் எல்லாம் சரியான வண்டியை வாங்கியவருக்குத்தான். 'சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்' என்பது பழைய வண்டிக்கென்றே சொல்லி வைத்தது போல இருக்கிறது. காசு மிச்சமாவதும் கரைவதும் பட்டறையில் அல்ல, அட்வான்ஸ் கொடுப்பதற்கு முந்தைய அரை மணி நேரத்தில்.

அந்த அரை மணியில் பெரும்பாலானவர்கள் செய்யும் தவறு, கிக்கரை உதைத்து, இன்ஜின் ஓடுகிறதா என்று மட்டும் பார்ப்பது. பாபியைப் பொறுத்தவரை இன்ஜின்தான் சுலபமான பாகம். சாதாரண ராஜ்தூத் 175, பாபி நின்றுபோன பிறகும் பல வருடங்கள் விற்பனையில் இருந்தது. அதனால் பிஸ்டன், ரிங், கிளட்ச் பிளேட் போன்றவற்றை இன்றும் தேடிப் பிடிக்கலாம். கிடைக்காதது பாபிக்கு மட்டுமே உரிய சாமான்கள்: பெட்ரோல் டேங்க், மட்கார்டு, சக்கரம், சீட்டின் அடித்தகடு. எனவே டேங்க் தொலைந்து, ஓடிக்கொண்டிருக்கும் வண்டியைவிட, இன்ஜின் இறுகிப் போய் உடம்பு முழுசாக இருக்கும் வண்டியே லாபம். பாபிதான் வேண்டும் என்ற பிடிவாதம் இல்லாதவருக்கு, மைசூருக்குப் பக்கத்தில் யெஸ்டி இன்னும் மலிவாக முடியும். ஒரு பஸ் டிக்கெட் தூரத்தில் உதிரிபாகமும் மெக்கானிக்கும் இருக்கும் வண்டியே ஏழைக்கேற்ற எள்ளுருண்டை.

அடுத்தது காகிதம். ஆர்.சி. புத்தகத்தில் உள்ள சேசிஸ் எண்ணும் இன்ஜின் எண்ணும் வண்டியில் உள்ளவையும் ஒன்றா என்று பார்க்க வேண்டும். எண்ணின் மேல் காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்து அச்சு எடுத்தால், சுரண்டித் திருத்திய எழுத்து காட்டிக் கொடுத்துவிடும். எல்லையோர ஊரில் இன்னொரு சிக்கலும் உண்டு. சத்தியமங்கலத்திலோ ஈரோட்டிலோ மலிவாகக் கிடைத்த வண்டியைக் கர்நாடகத்தில் 12 மாதங்களுக்கு மேல் வைத்திருந்தால் இங்கே மறுபதிவு செய்தாக வேண்டும். அதற்குத் தமிழ்நாட்டு ஆர்.டி.ஓ.வின் ஆட்சேபணையின்மைச் சான்று தேவை. முதல் சொந்தக்காரர் காலமாகி, வண்டி நான்கு கை மாறியிருந்தால், சான்று வாங்குவது இன்ஜினைப் பிரித்துப் பூட்டுவதைவிடக் கடினம்.

பதிவு 15 வருடங்களுக்கு. அதற்குப் பிறகு ஐந்தைந்து வருடங்களாகப் புதுப்பிக்கலாம். 2025 ஆகஸ்டில் திருத்தப்பட்ட விதிகளின்படி 20 வருடங்களைத் தாண்டிய மோட்டார் சைக்கிளுக்குப் புதுப்பிப்புக் கட்டணம் 2,000 ரூபாய். வரி, இன்ஷூரன்ஸ், புகைச் சான்றிதழ் எல்லாம் தனி. இவற்றை பட்ஜெட்டின் முதல் வரியிலேயே எழுதிவிடுவது புத்திசாலித்தனம்.

வண்டி வீட்டுக்கு வந்ததும் உதைத்துப் பார்க்கக் கை பரபரக்கும். கால் அதைவிடப் பரபரக்கும். பல வருடங்கள் நின்ற இன்ஜினில் ரிங்குகள் சிலிண்டரோடு ஒட்டியிருக்கும். பலத்தைக் காட்டினால் ரிங் முறிந்து சிலிண்டரைக் கீறிவிடும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, துவாரத்தில் கொஞ்சம் ஆயில் விட்டு, ஓரிரு நாள் ஊறவிட்டு, மெதுவாகச் சுற்றிப் பார்ப்பதுதான் முறை. டேங்கின் உட்புறத் துருவுக்குக் கடையில் கிடைக்கும் எலுமிச்சை உப்பே போதும். வெந்நீரில் கரைத்து ஊற்றி, ஒரு இரவு வைத்து, கழுவி, ஈரம் போகக் காயவிட்டால் பாதி வேலை முடிந்தது.

டூ ஸ்ட்ரோக் வண்டியில் பலரும் கோட்டைவிடுவது கிராங்கின் இரு பக்கமும் உள்ள ஆயில் சீலில். வயசான ரப்பர் இறுகிப் போனால் அதன் வழியே காற்று உள்ளே போகும். பெட்ரோல் விகிதம் குறையும். ஆயில் பெட்ரோலோடு கலந்தே போவதால் அதுவும் குறையும். இன்ஜின் கொதித்து பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். சிலிண்டரை ரீபோர் செய்து புது பிஸ்டன் போட்டுவிட்டு, விலை குறைந்த சீலை மாற்றாமல் விட்டவர்கள் அதே செலவை இரண்டாம் முறை செய்திருக்கிறார்கள். இப்போது இதில் இன்னொரு காரணமும் சேர்ந்திருக்கிறது. பங்குகளில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். எழுபதுகளின் ரப்பர் அதற்காகச் செய்யப்பட்டதல்ல. பெட்ரோல் டியூப், வாஷர்கள் எல்லாவற்றையும் புதிதாகப் போட்டு, கார்புரேட்டரின் ஜெட்டையும் மெக்கானிக்கிடம் காட்டிச் சரி செய்துகொள்வது நல்லது. வண்டியை மாதக்கணக்கில் நிறுத்துவதாக இருந்தால் டேங்கைக் காலி செய்துவிட வேண்டும். எத்தனால் ஈரத்தை இழுக்கும்.

பிரேக்கில் சிக்கனம் கூடாது. கொள்ளேகாலைச் சுற்றி சமவெளி உண்டு, ஆனால் எந்தத் திசையில் கொஞ்ச தூரம் போனாலும் மலை வந்துவிடுகிறது. மாதேஸ்வரன் மலை, பிலிகிரி ரங்கன் மலை, சத்தியமங்கலம் பக்கம் இறங்கினால் 27 கொண்டை ஊசி வளைவுகளோடு திம்பம். பழைய டிரம் பிரேக் நீண்ட இறக்கத்தில் சூடேறினால் பிடிப்பு தளர்ந்துவிடும். டூ ஸ்ட்ரோக் இன்ஜின் கியரில் இருந்தாலும் வண்டியை அவ்வளவாக இழுத்துப் பிடிக்காது. இதை விட மோசம், இறக்கம் முழுக்க ஆக்ஸிலேட்டரை மூடியே வைத்திருந்தால் பெட்ரோல் போகாது, அதோடு ஆயிலும் போகாது. பாதி மலையில் பிஸ்டன் இறுகிப் பின் சக்கரம் நின்றுவிடும் ஆபத்து உண்டு. பிரேக் ஷூவுக்குப் புது லைனிங், புது கேபிள், புது டயர், சக்கர பேரிங், ஸ்போக்குகளின் இறுக்கம் ஆகியவற்றை முடித்த பிறகே இன்ஜின் பக்கம் போக வேண்டும். இறக்கத்தில் அவ்வப்போது ஆக்ஸிலேட்டரைச் சற்றுத் திறந்து விடுவது பழைய ஓட்டுநர்கள் சொல்லித் தெரிய வேண்டிய பாடம்.

பெயின்ட் கடைசி. முதலிலேயே பளபளப்பாக்கிவிட்டு இன்ஜினைக் கழற்றினால் ஒரு ஸ்பேனர் கீறலில் பாதிப் பணம் போய்விடும். குரோம் பூச்சு வாங்கும் காசுக்கு இரண்டு டயர் வரும். மொத்தத் தொகையில் நான்கில் ஒரு பங்கை எதிலும் சேர்க்காமல் ஒதுக்கி வைத்தால், நடுவில் வேலை நின்று வண்டி மறுபடியும் கொட்டகைக்குப் போகாது. பாதியில் நின்ற வண்டிகள்தான் காயலான் கடையின் மூலதனம்.

இனி அலங்காரம். தன் வண்டி தனித்துத் தெரிய வேண்டும் என்ற ஆசை நியாயமானதுதான். ஆனால் சட்டம் கோடு கிழித்திருக்கிறது. 1988ம் வருட மோட்டார் வாகனச் சட்டத்தின் 52வது பிரிவின்படி, தயாரிப்பாளர் குறித்த விவரங்கள் மாறும்படி வண்டியைத் திருத்தக் கூடாது. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் இதை உறுதி செய்தது. அதே வருடச் சட்டத் திருத்தம் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை என்று பயமுறுத்துகிறது. யெஸ்டியின் சேசிஸை வெட்டிக் குள்ளமாக்கி 'மினிபைக்' செய்வது, பின்பக்கத்தை அறுத்து எறிவது, சைலன்சரின் குடலை உருவுவது எல்லாம் இந்தக் கணக்கில் வரும். நிறத்தை மாற்றினால்கூட ஆர்.டி.ஓ.விடம் சொல்லிப் புத்தகத்தில் ஏற்ற வேண்டும்.

வெட்டுவதால் இன்னொரு நஷ்டமும் இருக்கிறது. 2021 ஜூலையில் மத்திய அரசு கொண்டுவந்த விதிகளின்படி, 50 வருடங்களைத் தாண்டி, அசல் நிலையில் பராமரிக்கப்படும் வண்டியை 'விண்டேஜ்' வாகனமாகப் பதியலாம். புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். தினசரி ஓட்ட அனுமதி இல்லை. கண்காட்சி, ஊர்வலம் போன்றவற்றுக்குத்தான். மெல்லிய பர்ஸ்காரர் இன்றைக்கு அந்தப் பக்கம் போக மாட்டார். ஆனால் எழுபதுகளின் தொடக்கத்தில் பிறந்த பாபிகள் அந்த வயதை எட்டிவிட்டன. ஹாக்ஸா பிளேடு பட்ட வண்டிக்கு அந்தக் கதவு நிரந்தரமாக மூடிவிடும். விற்கும்போது விலையும் விழும்.

ஆகவே சிக்கனக்காரருக்கு ஒரே ஒரு விதி போதும்: போல்ட்டில் மாட்டலாம், வெல்டிங்கில் ஒட்டக் கூடாது. சீட்டுக்குப் புது உறை தைக்கலாம். அந்த வேலையை உள்ளூர் குஷன் கடை அழகாகச் செய்யும். கைப்பிடி உறை, கண்ணாடி, மேட், டேங்கில் ஓரக்கோடு என்று மாற்றலாம். மங்கலான விளக்குக்கு நல்ல பல்பும் சுத்தமான வயரிங்கும் போடலாம். பிடிக்காவிட்டால் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் எல்லாவற்றையும் கழற்றிப் பழையபடி ஆக்கிவிட முடியும். கழற்றிய அசல் பாகங்களைச் சாக்கில் கட்டிப் பரணில் போட்டு வைப்பது செலவே இல்லாத சேமிப்பு.

மைசூரில் மூடப்பட்ட அந்தப் பெயர்கள் மீண்டும் கடைக்கு வந்துவிட்டன. 2018ல் ஜாவாவும் 2022ல் யெஸ்டியும் கிளாசிக் லெஜண்ட்ஸ் நிறுவனத்தால் புது வடிவில் அறிமுகமாயின. தயாராவது மத்தியப் பிரதேசத்துப் பீதம்பூரில். பாபிக்கு அந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை. புதுசு வராது. இருப்பதில் வெட்டுப்படாமல் தப்புவது எத்தனையோ, அத்தனைதான் மிச்சம்.