கூரையில் செருகியிருந்த பொட்டலம் யாருடையது?

காலனியில் ஒருவர் மீது கஞ்சா வழக்கு என்றால் ஊர் உடனே நம்பிவிடுகிறது. பொட்டலம் எங்கே இருந்தது, அதை எடுத்தது யார், எடுத்தபோது பார்த்தது யார் என்று டீக்கடையில் யாரும் கேட்பதில்லை. ஆனால், சட்டம் முதலில் கேட்கச் சொல்வது அந்தக் கேள்விகளைத்தான்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். கஞ்சா விற்பவருக்கு வக்காலத்து வாங்க இதை நாம் எழுதவில்லை. அந்தப் புகையில் கரைவது நம் வீட்டுக் கூலிப் பணமும் நம் பிள்ளைகளின் படிப்பும்தான். விற்பவரைப் பிடிக்கட்டும், தண்டிக்கட்டும். விற்காதவர் அந்த வழக்கில் சிக்கினால் அவருக்குச் சட்டத்தில் என்ன காவல் இருக்கிறது என்பதே நம் கேள்வி.

1985-ம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் மிகக் கடுமையானது. கஞ்சா ஒரு கிலோ வரை இருந்தால் அது சிறிய அளவு. ஓராண்டு வரை சிறை. 20 கிலோவைத் தாண்டினால் வணிக அளவு. குறைந்தது 10 ஆண்டு, அதிகபட்சம் 20 ஆண்டு. வணிக அளவு வழக்கில் ஜாமீன் கிடைப்பது குதிரைக் கொம்பு. 'இவர் குற்றம் செய்திருக்க மாட்டார்' என்று நம்ப நீதிமன்றத்துக்கே காரணம் தென்பட வேண்டும் என்கிறது 37-வது பிரிவு.

இவ்வளவு கடுமையாக எழுதியதால்தான், சோதனை நடத்துவோருக்கும் அதே சட்டம் கடிவாளம் போட்டிருக்கிறது. நீதிபதியின் வாரண்ட் இல்லாமலேயே அதிகாரி வீட்டுக்குள் நுழையலாம். ஆனால், தகவல் வந்தால் அதை எழுத்தில் பதிய வேண்டும். 72 மணி நேரத்துக்குள் மேலதிகாரிக்கு அனுப்ப வேண்டும். சூரியன் மறைந்த பிறகு வாரண்ட் இல்லாமல் நுழைவதானால், வாரண்ட் வாங்கப் போனால் பொருள் கைமாறிவிடும் என்று நம்பியதற்கான காரணத்தையும் எழுதி வைக்க வேண்டும். இது 42-வது பிரிவு. இதை அடியோடு கடைப்பிடிக்காமல் விடுவதை ஏற்க முடியாது என்று 2009-ல் கர்னைல் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு சொன்னது. தாமதத்துக்குத் தக்க விளக்கம் இருந்தால் ஏற்கலாம் என்றும் சொன்னது.

உடலைச் சோதிப்பதற்கு 50-வது பிரிவு. 'நீதிபதி முன்போ, அரசிதழ் பதிவு பெற்ற அதிகாரி முன்போ சோதிக்கப்பட உங்களுக்கு உரிமை உண்டு' என்று முதலில் சொல்ல வேண்டும். பெண்ணைப் பெண்தான் சோதிக்க வேண்டும். உரிமையைச் சொல்வது வெறும் சடங்கு அல்ல என்பதை 2010-ல் விஜய்சிங் ஜடேஜா வழக்கில் ஐந்து நீதிபதிகள் உறுதிசெய்தார்கள். கையில் இருக்கும் பைக்கோ வீட்டுக்கோ இந்தப் பிரிவு பொருந்தாது என்பதையும் மாணவர்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

அடுத்தது 'வசம் வைத்திருத்தல்'. சட்டைப் பையில் இருந்தால்தான் வசம் என்பதில்லை. பொருள் வேறிடத்தில் இருந்தாலும் அது தன் பிடியில் இருக்கிறது என்று தெரிந்து வைத்திருந்தால் அதுவும் வசம்தான். கட்டுப்பாடு, அறிவு இரண்டும் சேர்ந்திருக்க வேண்டும். பஞ்சாபில், லாரியில் போதைப்பொருள் மூட்டைகளின் மேல் உட்கார்ந்திருந்தார்கள் என்பதை மட்டும் வைத்து அவர்கள் வசம் இருந்ததாகச் சொல்ல முடியாது என்று 2002-ல் அவதார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் விடுவித்தது. மறுவருடமே மதன் லால் வழக்கில், ஒரே காரில் வந்தவர்களின் தண்டனையை அதே நீதிமன்றம் உறுதிசெய்தது. ஆகவே, ஒவ்வொரு வழக்கின் உண்மையும்தான் முடிவைத் தீர்மானிக்கிறது.

வசம் இருந்தது என்று காட்டிவிட்டால், தெரியாது என்று நிரூபிக்கும் பாரம் குற்றம்சாட்டப்பட்டவர் தலையில் விழுகிறது. ஆனால், அடிப்படை உண்மைகளை அரசுத் தரப்பு முதலில் நிரூபித்தால்தான் அந்தப் பாரம் மாறும் என்று 2008-ல் நூர் ஆகா வழக்கு சொல்கிறது.

இதை நம் தெருவில் வைத்துப் பாருங்கள். சட்டத்தின் மனதில் இருக்கும் வீட்டுக்குச் சுற்றுச்சுவர் உண்டு, கதவு உண்டு, பூட்டு உண்டு. நம் தொகுப்பு வீட்டுக்கு ஒரே அறை. அதில் ஆறு பேர். கொல்லைக்கு வேலி கிடையாது. பக்கத்து வீட்டு விறகும் நம் விறகும் ஒரே இடத்தில் அடுக்கியிருக்கும். கூரை கைக்கு எட்டும் உயரம். தெருவில் போகிற எவரும் எதையும் செருகிவிட்டுப் போகலாம். அந்தக் கூரையில் எடுத்த பொட்டலம் யார் வசம் இருந்தது? குடும்ப அட்டையில் பெயர் இருப்பதாலேயே தாய்க்கும் மகனுக்கும் அது தெரிந்திருக்கும் என்று முடிவுகட்டலாமா? இடத்தை ஆள்கிறவரே பொருளையும் ஆள்கிறார் என்ற ஊகம் மாடி வீட்டுக்குப் பொருந்தலாம். வேலியே இல்லாத குடிசைக்கு அதே ஊகத்தைப் போட்டால், வறுமையே சாட்சியாகிவிடும்.

'நுணுக்கம் பேசிக் குற்றவாளியைத் தப்பவிடுகிறீர்கள்' என்பார்கள். நாம் சொல்வது நேர் எதிர். தகவலை எழுதி, சாட்சி வைத்து, நீதிபதி முன் மாதிரி எடுத்து நடத்திய சோதனையில் உண்மையான வியாபாரி தப்ப முடியாது. அரைகுறைச் சோதனைதான் அவரை விடுதலை செய்கிறது. அதே அரைகுறைச் சோதனையில் அப்பாவி மாதக்கணக்கில் சிறையில் கிடக்கிறார். பகுதியைச் சேர்ந்த சாட்சி இல்லை என்பதற்காக மட்டும் வழக்கு விழாது என்று நீதிமன்றங்கள் சொல்லியிருக்கின்றன. எனவே, மற்ற ஆவணங்களைப் பார்ப்பது இன்னும் முக்கியம்.

2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 105-வது பிரிவு, சோதனையையும் கைப்பற்றலையும் ஒலி, ஒளியாகப் பதிவுசெய்து தாமதமின்றி நீதிபதிக்கு அனுப்பச் சொல்கிறது. பொட்டலம் கூரையிலிருந்து வந்ததா, வேறு எங்கிருந்தாவது வந்ததா என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி ஏது? வக்கீல் முதலில் கேட்க வேண்டியது அந்தப் பதிவைத்தான்.

வெள்ளைத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். சோதனைப் பட்டியலின் நகலைக் கேட்டு வாங்குங்கள். விசாரணை அதிகாரியிடம் 67-வது பிரிவில் கொடுத்த வாக்குமூலத்தை ஒப்புதல் வாக்குமூலமாகப் பயன்படுத்த முடியாது என்று 2020-ல் தீர்ப்பளிக்கப்பட்டது தமிழ்நாட்டு வழக்கில்தான். தூஃபான் சிங் எதிர் தமிழ்நாடு அரசு.

காரணமில்லாமல் தொல்லை தரும் சோதனை நடத்தும் அதிகாரிக்கு, போதைப்பொருள் சட்டத்தின் 58-வது பிரிவிலேயே தண்டனை உண்டு. ஏழாண்டுக்கு மேல் சிறை கிடைக்கக்கூடிய குற்றத்தில் பட்டியலினத்தவரைச் சிக்கவைக்கப் பொய்ச் சாட்சியம் உருவாக்கும் பிற சாதியினருக்கு, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(2)(ii) பிரிவில் ஆறு மாதத்துக்குக் குறையாத சிறை உண்டு. பட்டியலின, பழங்குடி மக்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உரிமை. தொலைபேசி எண் 15100.

பள்ளியில் போதை ஒழிப்பு உறுதிமொழி எடுக்கிறோம். நல்லது. அதே மேடையில் இந்த உரிமைகளையும் சொல்ல வேண்டும். அடுத்த கிராம சபையில் நாம் வைக்க வேண்டிய தீர்மானம் ஒன்றுதான்: மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு, முகாமை ஊர் மண்டபத்தோடு நிறுத்தாமல் காலனிக்குள் வந்து நடத்த வேண்டும். தீர்மானத்தைப் படிக்கப் படித்த பிள்ளைகள் நம்மிடம் இருக்கிறார்கள். அவர்களே எழுந்து படிக்கட்டும்.