மனநோயாளரின் இதயம்

மனச்சிதைவு நோய்க்கு நெடுங்காலம் வழங்கப்பட்டுவந்த தயோரிடசின் என்னும் மருந்தை, அதனைத் தயாரித்த நோவார்ட்டிஸ் நிறுவனம் 2005-ஆம் ஆண்டில் உலகெங்கும் விலக்கிக்கொண்டது. இதயத் துடிப்பின் ஒழுங்கைக் குலைத்துத் திடீர் மரணம் விளைக்கக்கூடியது என்பதே காரணம். அது அன்று புதிதாகத் தெரியவந்த செய்தியன்று. இம்மருந்தை உட்கொண்டோரின் இதய மின்வரைவு மாறுவதையும், அவர்களுள் இருவர் மாண்டதையும் கனடா நாட்டு மருத்துவ ஏடு 1963-இலேயே வெளியிட்டிருந்தது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டகம் கறுப்புக் கட்டமிட்டு எச்சரித்ததோ 2000-இல். முதற்செய்திக்கும் நிறுவனத்தின் விலக்கத்துக்கும் இடையே 42 ஆண்டுகள்!

தும்மலுக்கும் மூக்கொழுகலுக்கும் உலகமெங்கும் விற்ற டெர்பெனடின் மாத்திரையும் இதே தீங்கைச் செய்தது. 1990-இல் அது வெளிப்பட்டது. 1998-க்குள் அமெரிக்கக் கடைகளிலிருந்து அம்மாத்திரை நீங்கிற்று. அதனினும் தீங்கற்ற மாற்று மருந்து கையிலிருந்ததும் அவ்விரைவுக்கு ஒரு காரணமே. ஆயினும், தும்மியவர் மயங்கி விழுந்தால் உலகம் வினவும். மனநோய் விடுதியில் ஒருவர் விடியலில் இறந்துகிடந்தால் வினவுவார் குறைவு. துடிப்பு குலைந்து நேரும் சாவு உடற்கூறு ஆய்விலும் தடயம் விட்டுச்செல்வதில்லை.

இத்தீங்கு நிகழும் வழி ஒன்றும் மறைபொருளன்று. ஒவ்வொரு துடிப்புக்குப் பின்னும் இதயத் தசையணுக்கள் பொட்டாசியத்தை வெளியேற்றி, அடுத்த துடிப்புக்குத் தம்மை ஆயத்தப்படுத்திக்கொள்கின்றன. மனநல மருந்துகள் பலவும் பொட்டாசியம் வெளியேறும் வாயிலை ஓரளவு அடைத்துவிடுகின்றன. ஆயத்தமாகும் நேரம் நீளுகிறது. அந்த இடைவெளியில் தவறான துடிப்பு ஒன்று புகுந்தால் இதயம் துடிப்பதை விட்டுத் துடிதுடிக்கத் தொடங்குகிறது. அந்நீட்சியை ஈ.சி.ஜி. தாளில் வெறுங்கண்ணாலேயே காணலாம். தாள் நொடிக்கு 25 மில்லிமீட்டர் நகர்கிறது. ஒரு சிறு கட்டம் 40 மில்லிநொடி. க்யூ அலை தொடங்கும் புள்ளியிலிருந்து டி அலை முடியும் புள்ளிவரை எண்ண வேண்டும். நிமிடத்துக்கு 60 முறை துடிக்கும் இதயத்தில் அது பன்னிரண்டரைச் சிறு கட்டங்களை, அதாவது 500 மில்லிநொடியைத் தாண்டினால் ஆபத்து வாயிலில் நிற்கிறது என்று பொருள். பொறியே இக்கணக்கைப் போட்டுத் தாளின் மேல்விளிம்பில் அச்சிட்டுத் தருகிறது. படிப்பார்தாம் வேண்டும்.

வாந்தியும் காய்ச்சலுமாகப் பொது மருத்துவப் பிரிவில் சேர்க்கப்பட்ட ஒரு மூதாட்டியை எண்ணிப் பார்ப்போம். வாந்தியால் உடலின் பொட்டாசியம் ஏற்கெனவே குறைந்திருக்கிறது. வாந்தியை நிறுத்த ஒன்டான்செட்ரான் ஊசி போடப்படுகிறது. சளிக்கு அசித்ரோமைசின். மனச்சோர்வுக்காக அவர் ஓராண்டாக உண்டுவரும் எஸ்சிட்டலோப்ராம் மாத்திரையை மகள் கைப்பையிலிருந்து எடுத்து வேளை தவறாமல் கொடுக்கிறாள். அது கேஸ் ஷீட்டில் ஏறவே இல்லை. இரண்டாம் இரவு மூதாட்டி நினைவு தடுமாறி, டிரிப்ஸ் குழாயைப் பிடுங்கி எறிகிறார். பணி மருத்துவர் ஹாலோபெரிடால் போடச் சொல்கிறார். இந்நான்கு மருந்தும் அதே இடைவெளியை நீட்டக்கூடியவை. பெண்மை, முதுமை, பொட்டாசியக் குறைவு ஆகிய மூன்றும் அந்த ஆபத்தை மிகுவிப்பவை. தனித்தனியே நோக்கின் எவரும் பிழை செய்யவில்லை. நான்கையும் ஒருங்கே கூட்டிப் பார்க்கும் பொறுப்பு மட்டும் எவரிடமும் இல்லை. மனநல மருத்துவர் இதயத்தை இதய மருத்துவருக்கு விடுகிறார். இதய மருத்துவரோ, அழைத்தால் வருவார்.

இரவில் தடுமாறும் நோயாளிக்கு உடனே ஹாலோபெரிடால் என்னும் பழக்கத்தையே நாம் மறுபடி எண்ணிப் பார்க்க வேண்டியுள்ளது. அதனை இரத்தக்குழாய் வழியே செலுத்துவதன் ஆபத்தை அமெரிக்கக் கட்டுப்பாட்டகம் 2007-இல் எச்சரித்தது. தீவிரச் சிகிச்சைப் பிரிவுகளில் இவ்வாறு தடுமாறிய 566 நோயாளிகளிடம் நடத்தி 2018-இல் வெளியிட்ட ஆய்வில், அம்மருந்து தடுமாற்றத்தின் காலத்தைக் குறைக்கவில்லை எனத் தெரிந்தது. வெற்று மருந்து பெற்றோரின் நிலையும் அதுவே. தமக்கோ பிறர்க்கோ தீங்கு செய்யும் நிலையில் உள்ளவர்க்கு அது தேவைப்படலாம். உறக்கம் கெட்டதற்கெல்லாம் அது விடையாகாது.

மனச்சிதைவுக்குப் புதிய மருந்துகள் வந்துவிட்டன, பழைய அச்சம் எதற்கு என்பார் உளர். டென்னசி மாநிலத்தில் மருந்து உண்டோரையும் உண்ணாதோரையும் ஒப்பிட்டு 2009-இல் வெளிவந்த பேராய்வு அந்நம்பிக்கையைக் கலைத்தது. பழைய வகை உண்டோர்க்கும் புதிய வகை உண்டோர்க்கும் திடீர் இதய மரணத்தின் வாய்ப்பு ஏறத்தாழ இரு மடங்கு; அளவு கூடக்கூட அதுவும் கூடிற்று.

க்ளோசாபின் தனியே பேசத்தக்கது. பிற மருந்துகளுக்கு இணங்காத மனச்சிதைவுக்கு அதற்கு நிகரானது இன்றும் இல்லை. சிட்னி மருத்துவர்கள் 1999-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, ஆஸ்திரேலியாவில் அதை உண்ட சுமார் 8,000 பேருள் 23 பேருக்கு இதயத் தசை அழற்சியோ தசைச் சிதைவோ நேர்ந்தது, அறுவர் இறந்தனர். அழற்சி கண்டது மருந்து தொடங்கிய முதல் மூன்று வாரங்களில். அதன் அடையாளங்கள் காய்ச்சல், படபடப்பு, மூச்சிரைப்பு, நெஞ்சுவலி. இவற்றுள் படபடப்பு க்ளோசாபின் உண்போர் பலர்க்கும் தீங்கின்றியே வருவது. ஆகவே தீங்கானதும் அதனுள் மறைந்துகொள்கிறது. மெல்பர்ன் ஆய்வாளர்கள் 2011-இல் முன்மொழிந்த முறை எளியது: முதல் நான்கு வாரங்கள் வாரந்தோறும் ட்ரோபோனின், சி.ஆர்.பி. என்னும் இரு இரத்தச் சோதனைகள்.

இதைப் படிப்போர் மாத்திரையைத் தாமே நிறுத்திவிட முனைவாராயின் இத்தலையங்கம் நன்மையினும் தீமையே செய்ததாகும். பின்லாந்தில் 11 ஆண்டுகள் தொடர்ந்து நோக்கிய ஆய்வில், மனச்சிதைவுடையோருள் மருந்தே உண்ணாதவர்களைவிட உண்டவர்களே குறைவாக இறந்தனர். எல்லாரினும் குறைவாக இறந்தவர்கள் அந்தக் க்ளோசாபினை உண்டவர்களே. ஈ.சி.ஜி. தாளின் எண்ணைக் கண்டு மருளுவதும் கூடாது. அவ்விடைவெளியைத் துடிப்பு வேகத்துக்கேற்பத் திருத்தப் பெரும்பாலும் கையாளும் பாசெட் வாய்பாடு 1920-இல் பிறந்தது. இதயம் விரைந்து துடிக்கையில் அது இடைவெளியை மிகைப்படுத்திக் காட்டும். அச்சத்தால் படபடக்கும் இளைஞனுக்கு அப்பொய் எண்ணை நம்பி நல்ல மருந்தை மறுப்பதும் அநீதியே.

மருந்தைக் காட்டிலும் நம்மை வருத்துவது, மனநோயாளரின் சொல்லுக்கு மருத்துவமனையில் கிடைக்கும் மதிப்பு. ‘நெஞ்சு என்னமோ பண்ணுது’ என்று அவர் சொன்னால் அது பதற்றம் என்று எழுதப்படுகிறது. அமெரிக்காவில் மாரடைப்போடு மருத்துவமனையில் சேர்ந்த முதியோரை ஆராய்ந்து 2000-இல் வெளிவந்த ஆய்வு, மனநோயும் உடையோர்க்கு அடைப்பு நீக்கும் சிகிச்சை குறைவாகவே செய்யப்பட்டதைக் காட்டியது. கடும் மனநோயுடையோர் ஏனையோரைவிட 10 முதல் 20 ஆண்டுகள் முன்னதாக இறக்கின்றனர் என்கிறது உலக நலவாழ்வு நிறுவனம். அச்சாவுகளில் இதய நோயின் பங்கு பெரிது.

நம் நாட்டின் 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் மனநோயையும் உடல்நோயையும் ஒன்றாக நடத்தக் கட்டளையிடுகிறது. மருந்தின் பக்கவிளைவுகளை நோயாளிக்குப் புரியும் மொழியில் கூறவும் 22-ஆம் பிரிவு பணிக்கிறது. ஏட்டில் உள்ள இப்பிரிவு, மருந்து வழங்கும் சன்னலில் காணப்பட வேண்டும். முதல் மாத்திரைக்கு முன் ஓர் ஈ.சி.ஜி., பொட்டாசிய அளவு, வீட்டிலிருந்து கொண்டுவந்த மாத்திரைகளின் பட்டியல். அளவு கூட்டும்போதும் புது மருந்து சேர்க்கும்போதும் மறுபடி ஓர் ஈ.சி.ஜி. இவற்றைச் சேர்க்கைப் படிவத்திலேயே கட்டாயமாக்கலாம். வீடு திரும்புவோர்க்கு மாத்திரை உறையோடு தமிழில் ஒரு சீட்டும் தரலாம்: மயங்கி விழுந்தாலோ நெஞ்சு படபடத்தாலோ உடனே வருக; வாந்தி, வயிற்றுப்போக்குக்கு வேறு மருத்துவரிடம் போனால் இதைக் காட்டுக. சீட்டை அச்சிடும் செலவு அரசுக்கு ஒரு பொருட்டன்று. ஆணையை மக்கள் நல்வாழ்வுத் துறை இவ்வாண்டே பிறப்பிக்கலாம்.