கட்டாத ஏணியில் கால் வைக்காதீர், தோழர்களே!

கொத்தனார் தோழர்களே, சித்தாள் அக்கா தங்கைகளே, பெயின்டர், எலக்ட்ரீஷியன், சென்டரிங் தோழர்களே!

வரும் திங்கட்கிழமை முதல் நம் சங்கத்தைச் சேர்ந்த யாரும் மேல்முனை கட்டப்படாத ஏணியில் ஏறக் கூடாது. தடுப்பு இல்லாத படிக்கட்டில் சுமை தூக்கக் கூடாது. மழை தொடங்கிவிட்டது. கழி ஊறிக் கிடக்கிறது, படியில் பாசி ஏறுகிறது. அடுத்த கூட்டத்தில் பேசிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட இனி நேரமில்லை.

பத்தாவது மாடியிலிருந்து ஒருவர் விழுந்தால் பேப்பரில் வருகிறது. நம்மில் பலர் விழுவது எட்டடி, பத்தடி உயரத்தில், லிண்டல் மட்டத்திலிருந்து. கீழே கிடக்கும் செங்கல்லில் தலை மோத அந்த உயரமே போதும். முதுகுத்தண்டில் அடிபட்டவருக்கு உயிர் தங்கினாலும் பிழைப்பு தங்குவதில்லை. ‘அவன் நேரம்’ என்று வீட்டார் அழுகிறார்கள். ‘பார்த்து ஏறியிருக்க வேண்டாமா’ என்கிறார் காண்டிராக்டர். இரண்டையும் நாம் ஒப்புக்கொள்ளக் கூடாது. அவர் ஏறிய ஏணியைப் போய்ப் பாருங்கள்.

இரண்டு சவுக்குக் கழி. நடுவே ரீப்பர் துண்டுகள். ஒவ்வொரு துண்டையும் பிடித்திருப்பது பக்கத்துக்கு ஓர் ஆணி. அதுவும் பழைய சென்டரிங் பலகையிலிருந்து பிடுங்கி, கல்லில் தட்டி நிமிர்த்திய ஆணி. துருவேறி, தலை பாதி தேய்ந்திருக்கும். மூன்றாவது படியில் ஒரு கணு, அதை ஒட்டி ஒரு விரிசல். மேலே சிமென்ட் பால் காய்ந்து அப்பியிருப்பதால் அந்த விரிசல் கண்ணுக்குத் தெரியாது. மர ஏணிக்கு பெயின்ட் அடிக்கக் கூடாது என்பதும் இதனால்தான். அடித்த பெயின்ட் வெடிப்பை மறைத்துவிடும். இப்படி ஓர் ஏணியை மணல் குவியலின் ஓரத்தில் நட்டு, ‘ஒரு நிமிஷ வேலைதானே, ஏறுப்பா’ என்றால், விழுந்தவரின் கவனக்குறைவைப் பற்றிப் பேச யாருக்கு வாய் வரும்?

ஆகவே ஏறுவதற்கு முன்னால் ஏணியைச் சோதியுங்கள். படிகளைத் தட்டிப் பாருங்கள், ஆட்டிப் பாருங்கள். ஆடினால் அங்கேயே உடைத்துப் போடுங்கள்; ஓரமாகச் சாய்த்து வைத்தால் மாலையில் வேறொருவர் எடுத்து ஏறுவார். நாலடி உயரத்துக்கு ஓரடி என்பது சாய்வுக் கணக்கு. 12 அடி உயரத்தில் சாய்க்கும் ஏணியின் அடி, சுவரிலிருந்து 3 அடி தள்ளி இருக்க வேண்டும். டேப் வேண்டாம். ஏணியின் காலடியில் கால்விரலை வைத்து நிமிர்ந்து நின்று கையை நேராக நீட்டுங்கள். உள்ளங்கை எதிரே உள்ள படியைத் தொட்டால் சாய்வு சரி. தளத்துக்கு ஏறும் ஏணி, தள விளிம்புக்கு மேல் 3 அடி நீண்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் மேலே போய் இறங்கும் அந்தக் கணத்தில் பிடிக்க ஒன்றும் இருக்காது. மேல்முனையைக் கட்டி முடிக்கும் வரை கீழே ஒருவர் பிடித்துக்கொள்ளட்டும். கரணை, மட்டப்பலகை, பெயின்ட் வாளி எல்லாம் கயிற்றில் மேலே வரட்டும், கை ஏணிக்கு மட்டும்தான். பெயின்டர் தோழர்களுக்குத் தனியாக ஒன்று: எட்டாத ஒரு சாண் சுவருக்காக இடுப்பை ஏணிக்கு வெளியே தள்ளாதீர்கள். இறங்கி, ஏணியை நகர்த்தி, மறுபடி ஏறுங்கள். மின்கம்பி போகும் பக்கம் அலுமினிய ஏணியைக் கொண்டுபோகவே வேண்டாம்.

படிக்கட்டுக்கு வருகிறேன். இதைப் பற்றி நாம் பேசுவதே இல்லை, ஏனென்றால் அதில் அதிகம் ஏறி இறங்குபவர்கள் பெண்கள். கான்கிரீட் போட்டு முட்டுப் பிரித்ததும் நடமாட்டம் தொடங்கிவிடும். கைப்பிடிக் கம்பியோ பூச்சு முடிந்து, டைல்ஸ் ஒட்டி, கடைசியில்தான் வரும். இடையில் எத்தனை மாதம்! அவ்வளவு நாளும் ஒரு பக்கம் வெறும் வெளி. சும்மாட்டின் மேல் கலவைச் சட்டி, இரண்டு கையும் சட்டியில். காலடியைக் குனிந்து பார்க்க முடியாது. காலையில் கியூரிங்குக்கு விட்ட தண்ணீர் படிப்படியாக வழிகிறது. திருப்பத்தில் உடைந்த செங்கல்லும் காலி மூட்டைகளும். பிடித்துக்கொள்ளக் கை இல்லாதவளுக்குத்தான் நாம் தடுப்பு இல்லாத படியைக் கொடுத்திருக்கிறோம். சைட்டில் கிடக்கும் சவுக்குக் கழியை இடுப்பு உயரத்தில் ஒன்று, முழங்கால் உயரத்தில் ஒன்று என்று கட்டினால் வெளிப்பக்கம் அடைபட்டுவிடும். இரண்டு ஆள் அரைநாளில் முடிக்கும் வேலை இது. அந்த அரைநாள் கூலியை மிச்சம் பிடிக்கவா ஒரு தாயின் உயிரைப் பணயம் வைப்பது?

ஆலைக்குள் வேலை செய்பவருக்கு, படிக்கட்டு உறுதியாக, வழுக்காமல், தேவையான இடத்தில் கைப்பிடியோடு இருக்க வேண்டும் என்று 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் 32ஆவது பிரிவில் சொன்னது. கட்டுமானத் தொழிலாளிக்கென்று மத்தியச் சட்டம் வர 1996 ஆயிற்று. அந்தச் சட்டமும் 10 பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடத்தைத் தொடவில்லை. பாதுகாப்புக் குழு கட்டாயம் என்றது 500 பேர் வேலை செய்யும் இடத்தில்தான். நம்மில் பெரும்பாலோர் ஏழெட்டுப் பேராக ஒரு வீட்டைக் கட்டிவிட்டு அடுத்த தெருவுக்குப் போகிறவர்கள். எந்த இன்ஸ்பெக்டரும் அங்கே வரப்போவதில்லை. அங்கே குழு என்றால் அது நாம்தான். சோதனை என்றால் அது நம் கண்தான்.

இன்னொன்றையும் வெளிப்படையாகப் பேசிவிடுவோம். நாம் மறுத்தால் காண்டிராக்டர் யாரைக் கூப்பிடுவார்? பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து ஷெட்டில் தங்கியிருக்கும் தம்பிகளை. நேற்று ரயில் இறங்கிய பையனுக்கு ‘மாட்டேன்’ என்று சொல்லத் தமிழும் தெரியாது, சொன்னால் போக இடமும் கிடையாது. நாம் ஏற மறுத்த ஏணியில் அவன் ஏறுவதைப் பார்த்துக்கொண்டு டீ குடித்தால் நம் மறுப்புக்கு மதிப்பே இல்லை. அவன் கையைப் பிடித்து நிறுத்துங்கள். ஏணியைக் கட்டிக் காட்டுங்கள். அதற்கு மொழி தேவையில்லை. அவனையும் சங்கத்துக்கு அழைத்து வாருங்கள்.

மேஸ்திரிகளே, நீங்களும் இதே ஏணியில் ஏறி வந்தவர்கள்தான். ‘ஆள் சரியில்லை, நாளைக்கு வரவேண்டாம்’ என்ற வார்த்தை உங்கள் வாயிலிருந்து வரவேண்டாம்.

திங்கட்கிழமை ஒவ்வொரு கோஷ்டியும் நல்ல நைலான் கயிற்றோடு வேலைக்கு வாருங்கள். முதல் சட்டி கலவை குழைப்பதற்கு முன்னால் ஏணியைக் கட்டுங்கள், படிக்கட்டை அடையுங்கள், படியைக் கூட்டிச் சுத்தம் செய்யுங்கள். அந்த நேரத்துக்கும் கூலி உண்டு. வீட்டுக்காரரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். மறுத்ததற்காக ஒருவரை வெளியே அனுப்பினால் அந்தக் கோஷ்டி முழுவதும் கீழே இறங்கட்டும். உடனே கிளைச் செயலாளருக்குப் போன் செய்யுங்கள். பக்கத்துத் தெரு சைட்டில் இருப்பவர்கள் கரணையைக் கழுவி வைத்துவிட்டு அந்த வாசலுக்கு வாருங்கள். அன்றைக்குப் போகும் கூலியைச் சங்க நிதியிலிருந்து பகிர்ந்துகொள்வோம்.