வயலே இல்லாத கல்மண்டபத்துக்கும் யூரியா மூட்டைக்கும் என்ன சம்பந்தம்?

ராயபுரம் கல்மண்டபம் பக்கம் ஒரு சென்ட் நெல் வயல்கூடக் கிடையாது. ஆனால், நெல்லுக்குத் தூவும் உரத்தின் கதை இங்கிருந்து கொஞ்சம் வடக்கே போனாலே தொடங்கிவிடுகிறது. மணலியில் மெட்ராஸ் ஃபெர்டிலைசர்ஸ் யூரியா தயாரிக்கிறது. எண்ணூரில் கோரமண்டல் இன்டர்நேஷனல் காம்ப்ளக்ஸ் உரம் தயாரிக்கிறது. எண்ணூர் ஆலைக்கான அமோனியா கப்பலில் வந்து, கடலுக்கடியில் உள்ள குழாய் வழியாகக் கரைக்கு வரும்.

2023 டிசம்பர் 26 நள்ளிரவை ஒட்டி, அந்தக் குழாயில்தான் கசிவு ஏற்பட்டது. பெரியகுப்பம், சின்னகுப்பம் மக்கள் மூச்சுத்திணறலோடு வீட்டைவிட்டு ஓடினார்கள். பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். ஆலைப் பாதுகாப்பு பற்றி அப்போது நிறையப் பேசப்பட்டது. அதோடு சேர்த்துக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: இவ்வளவு ரிஸ்க்கோடு உருவாகும் உரம் நெல்லுக்குத்தான் போகிறதா?

மூட்டையில் பாதி எங்கே?

45 கிலோ யூரியா மூட்டையில் நைட்ரஜன் 46%, அதாவது 20.7 கிலோ. தண்ணீர் கட்டிய வயலில் பயிர் எடுத்துக்கொள்வது பொதுவாக அதில் 30 முதல் 40% வரைதான். கொஞ்சம் மண்ணில் தங்கும். மற்றது அமோனியாவாக ஆவியாகும், நைட்ரேட்டாக நிலத்தடிக்கு இறங்கும், நைட்ரஸ் ஆக்சைடாகக் காற்றில் கலக்கும். சிம்பிளா சொன்னா, எண்ணூர் மக்கள் பயந்து வாழும் அதே அமோனியாவில் ஒரு பகுதி வயலிலிருந்து சும்மா பறந்துபோகிறது.

வழி இருக்கா?

இருக்கு. பெரிய டெக்னாலஜியும் தேவையில்லை.

முதலில் மண் பரிசோதனை. என்ன குறைகிறது என்று தெரிந்தால்தான் எவ்வளவு போடுவது என்று முடிவு செய்ய முடியும்.

அடுத்தது இலை வண்ண அட்டை. நட்ட 14ஆம் நாளிலிருந்து 7 முதல் 10 நாளுக்கு ஒருமுறை, நன்கு விரிந்த இளம் இலையை அட்டையில் வைத்துப் பார்க்க வேண்டும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சொல்லும் அளவு, வெள்ளைப் பொன்னிக்கு 3, மற்ற பெரும்பாலான ரகங்களுக்கு 4. நிறம் அதற்குக் கீழே வெளுத்தால் மட்டும் யூரியா போட்டால் போதும்.

மூன்றாவது காய்ச்சலும் பாய்ச்சலும். ஓட்டை போட்ட பிவிசி குழாயை வயலில் புதைத்து, மண்மட்டத்துக்குக் கீழே 15 செ.மீ. வரை தண்ணீர் இறங்கிய பிறகே மீண்டும் பாய்ச்ச வேண்டும். பூக்கும் பருவத்தில் மட்டும் வயல் காயக் கூடாது. இதனால் தண்ணீரும் மிச்சம், மீத்தேனும் குறையும்.

ஆனால், யூரியாவை அள்ளிப்போட்டுவிட்டு வயலைக் காயவிட்டால் நைட்ரஸ் ஆக்சைடு கூடிவிடும். அதனால் தண்ணீரையும் உரத்தையும் சேர்த்தேதான் கவனிக்க வேண்டும்.

விவசாயி மேல் பழி போடலாமா?

கூடாது. 45 கிலோ யூரியா சுமார் 266 ரூபாய். 50 கிலோ டிஏபி 1,350 ரூபாய். கையில் காசு இல்லாதவர் எதை அதிகம் போடுவார்? வாய்க்காலில் அடுத்த முறை தண்ணீர் எப்போது வரும் என்று தெரியாதவர், வந்த தண்ணீரைக் கட்டி வைக்கத்தான் செய்வார். பம்ப்செட்காரருக்கு மின்சாரம் இலவசம். தண்ணீரை மிச்சம் பிடித்தால் அவருக்குக் காசு மிச்சமில்லை.

அதற்காக யூரியா விலையை ஏற்றினால் முதலில் அடிபடுவது குத்தகை விவசாயிதான். செய்ய வேண்டியது வேறு. கூட்டுறவுச் சங்கத்தில் உர மூட்டையோடு வண்ண அட்டையும் குழாயும் தர வேண்டும். மண் பரிசோதனை முடிவு நடவுக்கு முன்பே கைக்கு வர வேண்டும். வாய்க்கால் திறக்கும் தேதியை முன்கூட்டியே சொல்லி, சொன்ன தேதியில் திறக்க வேண்டும். தண்ணீரை மிச்சம் பிடிப்பவருக்கு ஊக்கத்தொகை தர வேண்டும்.

இதெல்லாம் நடந்தாலும் எண்ணூர் குழாய் தானாகப் பாதுகாப்பாகிவிடாது. அதைப் பாதுகாக்க வேண்டியது ஆலையும் அரசும்தான். ஆனால், வீணாகப் போகும் உரத்துக்காகவும் வடசென்னை மக்கள் ஆபத்தைச் சுமக்கிறார்கள். அந்தப் பாரத்தையாவது வயலில் குறைக்க முடியும்.